மிஷின்ல குத்தம் இல்ல

கிரேஸ் கேட்டது ஒன்று, நான் எழுத உட்கார்ந்திருப்பது வேறு. இதைப் பார்த்துவிட்டு அவள் கோபித்துக்கொண்டாலும் எனக்குக் கவலையில்லை. முதலில் அவள் இதைப் படிக்கவே போவதில்லை. பம்பாய் மாட்டுங்காவில் வளர்ந்த பிள்ளை. தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொன்னால் மூச்சு வாங்கும். "முத்தையா அங்கிள், நீங்க தமிழ்லயே எழுதுங்க, யார்ட்டயாவது குடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கறேன்" என்றாள்.

நான் கடைசிவரை வேலை பார்த்த கடை அவளுடைய அப்பா தாசன் அண்ணாச்சி ஆரம்பித்தது. மாட்டுங்கா ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில், டிசைன் வேலைக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கிற கடை. அண்ணாச்சி போன பிறகு கிரேஸ் பார்த்துக்கொள்கிறாள். மெமரி விலை இப்போது தங்கம் போல ஏறிக் கிடப்பதால் அசெம்பிளி கட்டுப்படியாகவில்லை, இனி கம்பெனிப் பெட்டியை வாங்கி விற்பதுதான் என்று முடிவு செய்துவிட்டாள். அதற்குமுன் கடையின் பேஜில் போட, 'நான் செய்ததிலேயே சிறந்த மிஷின்' என்று ஒன்றைப் பற்றி எழுதித் தரச் சொன்னாள். கார்ட்டூன் படம் செய்யும் ஸ்டூடியோவுக்குக் கட்டிக் கொடுத்த பெரிய மிஷினைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறாள். அந்த மிஷின் கேபினெட் என்ன நிறம் என்றுகூட இப்போது எனக்கு ஞாபகமில்லை. எனக்கு ஞாபகம் இருப்பது பொன்மணியின் மிஷின். அது கடை பேஜுக்கு ஆகாது.

நான் வேலை கற்ற கதையைச் சுருக்கிவிடுகிறேன், அதில் ஒன்றும் விசேஷமில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சயானில் ஒரு டிவி மெக்கானிக்கிடம் சால்டரிங் பிடித்தேன். பெட்டி டிவியின் காலம் முடிந்தது. சொந்தக்காரர் ஒருவர் அண்ணாச்சி கடையில் கொண்டுபோய் விட்டார். டிவி திறந்த கைக்குக் கம்ப்யூட்டர் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பிறகு ரிட்டயர் ஆகும்வரை அங்கேதான்.

அண்ணாச்சி நாசரேத் பக்கத்து ஆள், கிறிஸ்தவர். மெல்லப் பேசுவார். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான், கடையே அடங்கிவிடும். வாடிக்கையாளர் வந்ததும் பட்ஜெட் கேட்கமாட்டார். "என்ன வேலைக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. பேனர் டிசைனா, கல்யாண வீடியோவா, தோல் பை மாடல் வரைவதா? எத்தனை கேமராவில் எடுக்கிறீர்கள்? ஒரு வீடியோ எவ்வளவு நேரம் ஓடும்? டாக்டர் மாதிரி கேட்டுக்கொண்டே போவார். கண்ணாடிக் கதவும் உள்ளே கலர் கலராக லைட்டும் வைத்த பெட்டி கேட்டு வருகிறவர்களைப் பார்த்து, "கோயில் கொடைக்கா தம்பி வாங்குதீங்க?" என்பார். பிராசஸர் போன வருஷத்து மாடல், கேபினெட் சாதாத் தகரம், மெமரி பேர் இல்லாத கம்பெனி என்று அங்கங்கே பிடித்து, கம்பெனிக்காரன் சொல்லும் விலையில் பாதிக்கும் கீழே, அதே வேலை செய்யும் மிஷினைக் கட்டிக் கொடுத்துவிடுவார். பவர் சப்ளையில் மட்டும் கை வைக்கவிடமாட்டார். "சோறு போடாம வேல வாங்கப்படாதுல" என்பார்.

புது மிஷினின் சுவிட்சை அமுக்குமுன் கண்ணை மூடி உதட்டுக்குள் ஒரு ஜெபம். திரையில் வெளிச்சம் வந்த பிறகுதான் டீயைத் தொடுவார். பக்கத்தில் நான் நெற்றியில் திருநீறோடு நிற்பேன். என்னிடம் அவர் எதுவும் சொன்னதில்லை, நானும் அந்த நேரம் வாயைத் திறந்ததில்லை.

ரிப்பேருக்கு வரும் மிஷினுக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். நன்றாக எழுதுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. வந்த மிஷினை அப்படியே மேசையில் ஏற்றிச் சோதிக்கக்கூடாது. முதலில் கதவைத் திறந்து புளோயரால் தூசி ஊத வேண்டும். பிறகு மெமரியைக் கழற்றி, அதன் அடியில் வரிசையாக இருக்கும் மஞ்சள் பற்களைப் பள்ளிக்கூடத்து ரப்பரால் தேய்க்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டுக்கும் அதே கவனிப்பு. சொருகும் துளைகளைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து திரும்ப மாட்டி, அதற்கப்புறம்தான் கரண்ட். பிறகு ஒரு பெரிய வீடியோவை ஓடவிட்டு ஒரு நாள் முழுக்கக் கண்காணிப்போம். "அழுக்கோட வந்தவன அழுக்கோட பந்தியில உக்கார வைக்காத" என்பார். பம்பாயில் இந்த ரப்பர் வேலையைச் செய்யாத மெக்கானிக் கிடையாது. பாதி மிஷின் அதிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும்.

பொன்மணி எங்கள் கடைக்கு வந்தது அவள் புருஷன் சேர்மத்துரையோடு. சேர்மத்துரை தாராவியில் கல்யாணம், சடங்கு, காதுகுத்து எல்லாம் வீடியோ எடுப்பவன். எடுத்ததை வெட்டி ஒட்டிப் பாட்டுப் போடுவதற்கு வெளியே ஸ்டூடியோவில் கொடுத்துக்கொண்டிருந்தான். பொன்மணி அந்த ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டாள். வீட்டிலேயே ஒரு மிஷின் இருந்தால் தானே செய்துவிடுவேன் என்று புருஷனைக் கிளப்பிக் கூட்டிவந்தாள். அண்ணாச்சியின் கேள்விகளுக்கெல்லாம் அவள்தான் பதில் சொன்னாள். சேர்மத்துரை முழித்துக்கொண்டு நின்றான். அவர்கள் போன பிறகு அண்ணாச்சி, "இந்தப் பிள்ள பொழச்சிக்கிடும்ல" என்றார்.

டெலிவரிக்கு நான்தான் போனேன். சந்துக்குள் சந்து. கீழே கோலி என்கிற ஒற்றை அறை வீடு, இரும்பு ஏணி வைத்து ஏறினால் மேலே ஒரு சின்ன அறை. ஜன்னலுக்கு வெளியே நாலா, அதாவது சாக்கடைக் கால்வாய். வாடை உண்டுதான், தாராவியில் அதை யார் பெரிதாக எடுக்கிறார்கள்? அறையில் வெக்கை தாங்கவில்லை. வீடியோ வேலை செய்யும் மிஷின் சூடாகும், அதனால் மூன்று ஃபேன் வைத்திருந்தோம். "ஜன்னல ஒட்டி வச்சிக்கிடுங்க தங்கச்சி, காத்து நல்லா உள்ள இழுக்கும்" என்றேன். எல்லாருக்கும் சொல்வதுதான். அவள் அங்கேயே மேசை போட்டு, மிஷினுக்குக் குங்குமம் வைத்து, முதல் வேலையாகத் தன் மகளின் பிறந்தநாள் வீடியோவை அங்கேயே வெட்டி ஒட்டி எனக்குப் போட்டுக் காண்பித்தாள். பலூன் வெடிப்பதற்கும் பாட்டில் தாளம் விழுவதற்கும் சரியாகப் பொருத்தியிருந்தாள். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சேர்மத்துரைக்கும் அன்றைக்குப் பெருமை பிடிபடவில்லை.

சில மாதங்கள் ஓடின. பிறகு போன் வந்தது. வீடியோ தயாராகி வெளிவரும் கட்டத்தில் திரை அப்படியே உறைந்துவிடுகிறதாம். அணைத்துப் போட்டால் பீப் பீப் என்கிறதாம். கடைக்குக் கொண்டுவந்தார்கள். ஊதினோம், தேய்த்தோம், மாட்டினோம், ஓடவிட்டோம். குதிரை மாதிரி ஓடியது. திருப்பிக் கொடுத்தோம். கொஞ்ச நாளில் மறுபடியும் அதே புகார். மறுபடியும் ஊதித் தேய்த்து ஓடவிட்டோம், ஒன்றுமில்லை. அடுத்த முறை அண்ணாச்சி தன் கைக்காசில் மெமரியையே மாற்றிக் கொடுத்தார். அதுவும் சில வாரம்தான். கரண்டில் கோளாறாக இருக்கும் என்று நான் மீட்டரோடு வீட்டுக்குப் போனேன். எர்த்திங் இல்லை, ஏற்பாடு செய்தேன். யூ.பி.எஸ். போட்டேன். மிஷினைத் திறந்த கையோடு, பழக்கதோஷம், ரப்பரும் போட்டேன். மிஷின் ஜம்மென்று ஓடியது.

"நீங்க வந்தா மட்டும் ஒழுங்கா இருக்குண்ணே" என்றாள் பொன்மணி. முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஆளு பாத்து நடக்கு" என்றான் சேர்மத்துரை. "அண்ணன் கை பட்டா ஓடுது. ஒங் கை பட்டா நிக்கி. என்னத்த அமுக்குத நீ?"

"நான் ஒண்ணும் அமுக்கல."

"ஒண்ணும் அமுக்காம அதுவா நிக்குமாக்கும்?"

நான் டூல் பையைக் கட்டுவதில் மும்முரமானேன். புருஷன் பெண்டாட்டி பேச்சில் நமக்கென்ன என்று நினைத்தேன். இப்போதுதான் தெரிகிறது, ஒவ்வொரு முறை 'மிஷின் நல்லாத்தான் இருக்கு' என்று நாங்கள் திருப்பி அனுப்பியபோதும், அந்த வீட்டுக்குள் அது வேறு மாதிரி போய்ச் சேர்ந்திருக்கிறது. வேலை தாமதமாகித் தாமதமாகி, கல்யாண வீட்டார் வாசலில் வந்து சத்தம் போட ஆரம்பித்தார்கள். மாமியார், பொம்பளை கை ராசி என்று தொடங்கியிருக்கிறார். சேர்மத்துரையும் கெட்டவன் இல்லை. தொழில் படுத்துவிடுமோ என்ற பயம் அவனுக்கு.

கடைசியாக ஒரு நாள் இருவரும் மிஷினை டாக்சியில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள். வழக்கம்போல எல்லாம் செய்து ஓடவிட்டோம். இரண்டு நாள் கழித்து வந்தபோது அது நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. சேர்மத்துரை அண்ணாச்சியின் மேசைக்கு முன்னால் நின்றான். பொன்மணி அவனுக்கு ஒரு எட்டுப் பின்னால்.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன், பட்டுனு சொல்லிருங்க. மிஷின்ல குத்தமா, இவ கையில குத்தமா?"

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். அவனுடைய கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை. பொன்மணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். ஓடிக்கொண்டிருந்த மிஷினைத் திரும்பிப் பார்த்தார்.

"மிஷின்ல குத்தம் இல்ல தம்பி" என்றார்.

மற்ற பாதிக் கேள்விக்கு அவர் பதிலே சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. பொன்மணி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போய் நின்றாள். நான் அதே மேசையருகில்தான் நின்றேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஏதோ தப்பாகச் செய்கிறாள், சொல்ல வெட்கப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அந்த மிஷின் திரும்பத் தாராவிக்குப் போகவில்லை. செம்பூரில் சேர்மத்துரையின் கூட்டாளி ஒருவன் எடிட்டிங் செய்து கொடுப்பதாகச் சொல்ல, அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு புகார் கிடையாது. ஒரு தரம் கூட நிற்கவில்லை. ஒரு முறை தூசி தட்டுவதற்காக மட்டும் கடைக்கு வந்தது. "இப்ப நல்லாருக்கான்" என்று அண்ணாச்சி அதன் தலையில் தட்டிக் கொடுத்தார். எனக்கும் சந்தோஷம்தான். மிஷின் இடம் மாறியது, ஆள் மாறியது, நோய் போனது. ஆள் மாறியதை மட்டும்தான் எல்லோரும் கணக்கில் எடுத்தோம், இடம் மாறியதை யாரும் நினைக்கவில்லை.

வருஷங்கள் போயின. அண்ணாச்சி காலமானார். நான் ரிட்டயர் ஆவதற்குச் சற்று முந்தி, சுனாபட்டியில் சேலை கேட்லாக் டிசைன் செய்கிற ஒருவர் வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். மிஷின் அடிக்கடி உறைகிறது என்றார்கள். போன இடத்தில் ஏ.சி. மெக்கானிக் ஒருவர் ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஏ.சி.யில் கேஸ் நிரப்பி நிரப்பி ஓய்ந்துவிட்டார்களாம். அவர் கழற்றிய செம்புக் குழாயை என்னிடம் நீட்டினார். கரி பூசியதுபோல் இருந்தது.

"நாலே கா ஹவா ஹை, பாய்" என்றார் அவர். நாலாக் காற்று. அதில் வரும் வாயு செம்பைத் தின்றுவிடும், இந்த வரிசையில் நாலாவைப் பார்த்த வீடுகளிலெல்லாம் இதே கதைதான், வெள்ளிச் சாமான்கூடக் கறுத்துப்போகும் என்றார். ஏதோ நேற்றைய மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

என் கை மிஷினைத் திறந்து மெமரியைக் கழற்றிவிட்டது. ரப்பரும் விரலுக்கு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் தேய்க்காமல் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மஞ்சள் பற்களின் அடியில், பச்சைப் பலகையோடு சேரும் இடத்தில், கறுப்பாகக் கசிந்து ஏறியிருந்தது. பார்த்தால் அழுக்கு என்றுதான் தோன்றும். எத்தனையோ முறை இந்த அழுக்கைத் தேய்த்துத் தள்ளியிருக்கிறேன். விலை குறைந்த மெமரியில் பொன்பூச்சு ரொம்ப மெல்லிசு. வாயு உள்ளே போய்ச் செம்பைக் கறுப்பாக்கிவிடுகிறது. தேய்த்ததும் சரியாகிவிடும். திரும்ப அந்தக் காற்றுக்குப் போனால் திரும்பவும் கறுக்கும்.

அடப்பாவி, என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் பயந்துபோய் மிஷின் போச்சா என்று கேட்டார்.

ஜன்னலை ஒட்டி வைக்கச் சொன்னவன் நான். மூன்று ஃபேன் போட்டு அந்தக் காற்றை உள்ளே இழுத்துக் கொடுத்தது எங்கள் மிஷின். கோளாறு எங்கே இருக்கிறதென்று பார்க்குமுன்பே அதைத் துடைத்துவிட்டு, கோளாறே இல்லை என்று ஒவ்வொரு முறையும் எழுதிக் கொடுத்தது எங்கள் கடை. ஏமாற்றவில்லை, அவசரப்படவில்லை, எல்லாவற்றையும் முறைப்படி, சுத்தமாகச் செய்தோம். அதனால்தான் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. அண்ணாச்சி இருந்திருந்தால் அன்றைக்கே தாராவிக்கு ஓடியிருப்பார். இதைத் தெரிந்துகொள்ளாமலே போய்ச் சேர்ந்தார் என்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி கூட உண்டு. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ரிட்டயர் ஆன பிறகுதான் போனேன். அதுவரை கால் எழவில்லை. சேர்மத்துரை நம்பரில் கேட்டபோது சான்பாடாவுக்குக் குடிபோய்விட்டதாகச் சொன்னான். இப்போது கல்யாண வீடியோ எல்லாம் விட்டுவிட்டு வண்டி ஓட்டுகிறானாம். நான் போன நேரம் அவன் வீட்டில் இல்லை. பொன்மணி இருந்தாள். அங்கே இருக்கும் நம்ம ஊர்க் குடும்பங்களுக்கு முறுக்கு, அதிரசம் செய்து கொடுக்கிறாள். தலை பாதி நரைத்துவிட்டது. "வாங்கண்ணே, எம்புட்டு நாளாச்சு, அண்ணாச்சி தவறுனதக் கூடப் பொறவுதான் கேள்விப்பட்டோம்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் கிடந்த போன் அடித்தது. அவள் கை சும்மாதான் இருந்தது. எடுக்கவில்லை. "ஏட்டி, ஆர்டரு வருது பாரு" என்று உள்ளே குரல் கொடுத்தாள். மகள் வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

"நீங்க எடுக்கலாம்ல?" என்றேன்.

"அய்ய, நான் தொட்டா என்னமாவது ஆயிரும்ணே" என்று சிரித்தாள். "பேங்கு மிஷின்ல துட்டு எடுக்கக்கூட இவதான். எனக்கும் மிஷினுக்கும் ராசி இல்லன்னுதான் ஒங்க கடையிலேயே தெரிஞ்சிபோச்சே."

சொல்லிவிடு சொல்லிவிடு என்று அடித்துக்கொண்டிருந்த மனசு அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்றது. ஆனாலும் சொன்னேன். நாலா, வாயு, கறுப்பு, ரப்பர், செம்பூரில் ஏன் ஓடியது எல்லாம். மாவு பிசையத் தொடங்கியிருந்தவள் கையை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்போ மழைக்காலத்துல?"

"மழையில நாலா கழுவிப் போயிரும். வாயு கம்மி."

"மழைக்கு நல்லா ஓடுதுண்ணே, வெயிலுக்குத்தான் நிக்கின்னு நான் சொன்னேனே. நீங்க மீட்டரு வச்சிப் பாத்த அன்னைக்கு. சூட்டுல நிக்கும், ஃபேனக் கூட்டி வைங்கன்னீங்க."

சொன்னாளா? எனக்கு நினைவே இல்லை. அவள் சொன்னால் சொல்லியிருப்பாள்.

"வீட்டுக்காரர்கிட்ட நானே பேசுதேன் தங்கச்சி" என்றேன். "அண்ணாச்சி சொன்னது தப்பு, ஒங்க கையில ஒண்ணுமே இல்லைன்னு அவர் முன்னாடி வச்சே சொல்லுதேன்."

"வேண்டாம்ணே. அவரு அதயெல்லாம் எப்பமோ மறந்துட்டாரு." எழுந்து அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள். முகத்தைத் துடைத்தாள், கன்னத்தில் மாவு ஒட்டியது. கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"எனக்கு வரலன்னு நெனச்சித்தான்ணே விட்டேன்" என்றாள். "வராததுக்கு அழுது என்ன செய்யன்னு மனசத் தேத்திக்கிட்டேன். நல்லாத்தான் இருந்தேன். இப்ப வந்து, எனக்கு வந்துச்சுங்கீங்க. வந்தத விட்டுட்டேன்னா, இனி எதச் சொல்லித் தேத்துவேன்?"

உள்ளே அவள் மகள் யாருக்கோ முறுக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தாள்.